தலைவர் இல்லாமல் நடந்த கிறிஸ்துமஸ் கச்சேரி

கிறிஸ்துமஸ் பண்டிகை வந்துவிட்டால் அமெரிக்காவில் பல ஊர்களில் இசைக் கச்சேரிகள் களை கட்டும். அவற்றில் ஒரு கச்சேரிக்குத் தாத்தா, பாட்டி முதல் பேரன், பேத்தி வரை குடும்பத்தோடு வந்து உட்காருவதைக் காணலாம்.

"கிளன் மில்லர் வாத்தியக் கோஷ்டி" நடத்தும் பண்டிகைக் கச்சேரிதான் அது.

மேடையில் இருப்பவர்களில் பலர் இளைஞர்கள். ஆனால் அவர்கள் வாசிப்பது 80 ஆண்டுகளுக்கு முந்திய இசை. எந்தப் பாட்டில் எந்த வாத்தியம் எங்கே எழும்ப வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று அன்று தாளில் எழுதி வைத்தபடியே இன்றும் வாசிக்கிறார்கள்.

கோஷ்டியின் பெயரில் இருக்கும் கிளன் மில்லர் எங்கே?

அவர் 1944-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது ஒரு சிறிய விமானத்தில் ஏறினார். அந்த விமானம் போய்ச் சேரவே இல்லை. அவர் உடலும் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் கச்சேரி நிற்கவில்லை. அவர் இல்லாமலே நடந்தது.

பால் கறந்து வாங்கிய வாத்தியம்

கிளன் மில்லர் 1904-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி, அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் உள்ள கிளாரிண்டா என்ற சிற்றூரில் பிறந்தார். வசதி இல்லாத குடும்பம். பிழைப்புக்காக ஊர் ஊராக மாறிய குடும்பம்.

சிறுவன் மில்லர் மாடுகளுக்குப் பால் கறந்து கூலி வாங்கினான். அந்தக் காசைச் சேர்த்து ஒரு டிராம்போன் வாங்கினான். டிராம்போன் என்பது நீளமான பித்தளைக் குழல். ஒரு கையால் குழலை முன்னும் பின்னும் இழுத்து, சுரத்தை மாற்றி ஊத வேண்டும்.

1923-ம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பை விட வாத்தியத்தில்தான் மனம் போயிற்று. பாதியில் படிப்பை விட்டுவிட்டு, பிறர் நடத்திய கோஷ்டிகளில் கூலிக்கு வாசித்தார். கல்லூரியில் பழகிய ஹெலன் என்ற பெண்ணை 1928-ம் ஆண்டு மணந்து கொண்டார்.

1937-ம் ஆண்டு சொந்தக் கோஷ்டி அமைத்தார். கையில் இருந்த பணம் கரைந்தது. மறு ஆண்டுத் தொடக்கத்தில் கோஷ்டியைக் கலைத்துவிட்டார்.

வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். மில்லர் அதே 1938-ம் ஆண்டில் கடன் வாங்கி இரண்டாவது கோஷ்டியைத் தொடங்கினார்.

"சுவிங்" என்றால் என்ன?

அந்தக் காலத்தில் அமெரிக்க இளைஞர்கள் "சுவிங்" என்ற இசைக்கு மயங்கிக் கிடந்தார்கள். "சுவிங்" என்றால் ஊஞ்சல் போல ஆடுவது என்று பொருள். இது ஜாஸ் இசையில் ஒரு வகை.

இதன் சூட்சுமம் தாளத்தில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டு கை தட்டிப் பாருங்கள். நம்மில் பலர் ஒன்றிலும் மூன்றிலும் அழுத்தித் தட்டுவோம். சுவிங் இசையிலோ இரண்டிலும் நான்கிலும் அழுத்தம் விழும். ஒவ்வொரு தட்டையும் இரண்டாகப் பிரிக்கும்போதும் சரிபாதியாகப் பிரிக்க மாட்டார்கள். முதல் பாதி நீளும். இரண்டாவது பாதி குறுகும். அதனால்தான் கேட்பவரின் கால் தானாக ஆடுகிறது.

கோஷ்டியில் ஏறக்குறைய 17 பேர் இருப்பார்கள். சாக்சபோன்காரர்கள் ஐந்து பேர். டிரம்பெட் நான்கு. டிராம்போன் நான்கு. பியானோ, கிடார், பெரிய பேஸ் வயலின், டிரம்ஸ் ஆகிய நான்கும் தாளத்தைத் தாங்கும்.

இந்த இசையைப் படைத்து வளர்த்தவர்கள் அமெரிக்க நீக்ரோ மக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பு இனக் கலைஞர்கள். பிளெட்சர் ஹெண்டர்சன், டியூக் எலிங்டன், கவுண்ட் பேசி ஆகியோர் அவர்களில் புகழ் பெற்றவர்கள். மில்லருக்குப் பெயர் வாங்கித் தந்த "டக்சிடோ ஜங்ஷன்" என்ற உருப்படியை முதலில் வாசித்ததும் எர்ஸ்கின் ஹாக்கின்ஸ் என்ற கறுப்பரின் கோஷ்டிதான்.

ஆனால் அன்று நிறவேற்றுமை தலைவிரித்தாடியது. பெரிய ஓட்டல்களின் மேடையும், வானொலி விளம்பரக்காரர்களின் பணமும் வெள்ளையர் கோஷ்டிகளுக்கே எளிதில் கிடைத்தன. மில்லரின் கோஷ்டி வெள்ளையர் கோஷ்டி.

தனி ஒலி

பல கோஷ்டிகள் இருந்தும் மில்லரின் கோஷ்டியை வானொலியில் கேட்டவுடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். காரணம், அவர் கண்டுபிடித்த ஒரு தனி ஒலி.

மற்றக் கோஷ்டிகளில் சாக்சபோனோ டிரம்பெட்டோ முன்னணியில் நிற்கும். மில்லர் ஒரு கிளாரினெட்டை மேலே வைத்தார். அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே ஒரு சாக்சபோன் வாசிக்கும். மற்றச் சாக்சபோன்கள் இடையில் இழைந்து வரும். கேட்பதற்குப் பட்டுத்துணி போல வழவழப்பாக இருக்கும்.

1939-ம் ஆண்டு கோடையில், நியூயார்க்குக்கு அருகே உள்ள கிளன் ஐலண்டு கேளிக்கை மண்டபத்தில் கோஷ்டி வாசித்தது. அது வானொலியில் நாடு முழுவதும் ஒலிபரப்பாயிற்று. மில்லரின் அதிர்ஷ்டம் திறந்தது!

"மூன்லைட் செரினேட்", "இன் தி மூட்" ஆகிய இசைத்தட்டுகள் பறந்தன. 1941-ம் ஆண்டு வந்த "சட்டனூகா சூ சூ" என்ற ரயில் பாட்டு 12 லட்சம் தட்டுகள் விற்றது. அதற்காக 1942-ம் ஆண்டு பிப்ரவரியில், தங்க முலாம் பூசிய தட்டு ஒன்றை நிறுவனம் அவருக்குப் பரிசாக அளித்தது. "தங்கத் தட்டு" கொடுக்கும் வழக்கம் அன்றுதான் பிறந்தது.

அதே 1941-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்துக்காக "ஜிங்கிள் பெல்ஸ்" பாட்டையும் சுவிங் தாளத்தில் பதிவு செய்தார். பழைய பாட்டு புதுச் சட்டை போட்டுக்கொண்டது போல இருந்தது.

புகழை விட்டுப் பட்டாளத்துக்கு

1941-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா இரண்டாவது உலகப் போரில் குதித்தது. மறு ஆண்டு மில்லருக்கு வயது 38. கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர வேண்டிய வயது தாண்டிவிட்டது. வீட்டில் இருந்தபடியே பணத்தைக் குவித்திருக்கலாம்.

அவருக்கு மனம் ஒப்பவில்லை. முதலில் கடற்படையைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு தரைப்படைக்கு எழுதினார். பட்டாளத்து வாத்திய கோஷ்டிகளைப் புதுமையாக்கித் தருவதாகச் சொன்னார். 1942-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந்தேதி தம் கோஷ்டியின் கடைசிக் கச்சேரியை நடத்திவிட்டு, ராணுவ உடை அணிந்தார். கேப்டனாகச் சேர்ந்தவர் பிறகு மேஜர் ஆனார்.

பட்டாளத்தில் சிப்பாய்களாக இருந்த நல்ல வாத்தியக்காரர்களைத் தேடிப் பொறுக்கி எடுத்தார். டிரம்ஸ் வாசிக்க ரே மெக்கின்லி வந்தார். பாட்டுகளுக்கு இசை அமைத்து எழுத ஜெர்ரி கிரே வந்தார். பெரிய சிம்பொனி கோஷ்டிகளில் வாசித்த வயலின்காரர்களும் சேர்ந்தார்கள்.

அணிவகுப்பு இசையில் அவர் சுவிங்கைக் கலந்தபோது, பழைய அதிகாரிகள் சிலர் முகம் சுளித்தார்கள். சிப்பாய்களோ உற்சாகமாக நடை போட்டார்கள்!

ஒரு நாளில் தப்பிய உயிர்கள்

1944-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் கோஷ்டி இங்கிலாந்துக்குப் போயிற்று. லண்டனில் தங்க இடம் கொடுத்தார்கள். அப்போது ஜெர்மனி ஆளில்லாத பறக்கும் குண்டுகளை லண்டன் மீது ஏவிக்கொண்டிருந்தது.

"இங்கே இருந்தால் என் ஆட்கள் பிழைக்க மாட்டார்கள்" என்று மில்லர் அஞ்சினார். மேலிடத்தில் சொல்லி வேறு இடம் கேட்டார். ஜூலை 2-ந்தேதி கோஷ்டி பெட்போர்டு என்ற ஊருக்கு மாறியது.

மறுநாளே அவர்கள் தங்கியிருந்த தெருவில் பறக்கும் குண்டு விழுந்தது. அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் மாண்டார்கள். கோஷ்டி ஒரு நாளில் தப்பியது.

அதன் பிறகு ஓய்வே இல்லை. விமான நிலையக் கொட்டகைகளில் வாசித்தார்கள். ஆஸ்பத்திரிகளில் வாசித்தார்கள். வானொலியில் வாசித்தார்கள். வீட்டை நினைத்து ஏங்கிய சிப்பாய்களுக்கு, ஊரிலிருந்து வரும் கடிதத்துக்கு அடுத்தபடியாக இந்த இசைதான் ஆறுதலாக இருந்தது.

எதிரிப் படைக்கும் வாசித்தார்கள்! ஜெர்மானியச் சிப்பாய்களுக்காக ஜெர்மன் மொழியில் தனி நிகழ்ச்சி ஒலிபரப்பானது. மில்லருக்கு ஜெர்மன் தெரியாது. வார்த்தைகளின் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொண்டு படித்தார். ஹிட்லர் ஆட்சி வெறுத்த ஜாஸ் இசை, இப்படி ஜெர்மானியர் காதுக்கும் போயிற்று.

மூடுபனியில் ஒரு விமானம்

பாரிஸ் நகரம் 1944-ம் ஆண்டு ஆகஸ்டில் விடுதலை அடைந்தது. அங்கே போய்ச் சிப்பாய்களுக்கு வாசிக்க வேண்டும் என்பது மில்லரின் ஆசை. அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தில் இல்லாத நாட்களில் வானொலி நிகழ்ச்சி நின்றுவிடக் கூடாது அல்லவா? அதற்காக நாள் முழுவதும் உழைத்து, பல நிகழ்ச்சிகளை முன்கூட்டியே பதிவு செய்து வைத்தார்கள்.

கோஷ்டிக்குத் தங்கும் இடம், சாப்பாடு, மேடை எல்லாம் பார்க்க மில்லர் முன்னதாகப் போக விரும்பினார். வானிலை மோசமாக இருந்ததால் வழக்கமான விமானங்கள் தடைப்பட்டன. அப்போது நார்மன் பேசல் என்ற லெப்டினன்ட் கர்னல், தாம் போகும் சிறிய விமானத்தில் ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார்.

டிசம்பர் 15-ந்தேதி பிற்பகல். பெட்போர்டுக்கு அருகே உள்ள ட்வின்வுட் பார்ம் விமானத்தளம். குளிர், மூடுபனி. ஒற்றை எஞ்சின் பூட்டிய "நார்ஸ்மன்" விமானம் வந்து நின்றது. ஓட்டியவர் ஜான் மார்கன் என்ற இளைஞர். மில்லரும் பேசலும் ஏறினார்கள். விமானம் மேகத்துக்குள் மறைந்தது.

மூன்று பேரையும் அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் 16-ந்தேதி, ஜெர்மானியப் படை ஆர்டென் காட்டுப் பகுதியில் திடீர்த் தாக்குதல் தொடங்கியது. போர்முனையே கலங்கியது. அந்தக் குழப்பத்தில் ஒரு சிறிய விமானம் வராததை யார் கவனிப்பார்கள்?

18-ந்தேதி கோஷ்டி பாரிஸ் போய் இறங்கியது. எதிர்கொண்டு அழைக்க மில்லர் நிற்பார் என்று நினைத்தார்கள். அவர் இல்லை. விசாரித்தார்கள். எவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் விபரீதம் புரிந்தது.

அமெரிக்காவில் ஹெலனுக்குச் செய்தி போயிற்று. அவர்கள் ஏற்கெனவே ஒரு மகனைத் தத்து எடுத்திருந்தார்கள். மில்லர் கடல் கடந்து போன பிறகு ஒரு பெண் குழந்தையையும் தத்து எடுத்தார்கள். அந்த மகளை மில்லர் கையில் எடுத்துக் கொஞ்சும் நாள் வரவே இல்லை.

டிசம்பர் 24-ந்தேதி, கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள், "மேஜர் கிளன் மில்லரைக் காணவில்லை" என்று உலகத்துக்கு அறிவித்தார்கள்.

வாசிப்பதா, வேண்டாமா?

மறுநாள் கிறிஸ்துமஸ். பாரிசிலிருந்து கோஷ்டி வானொலியில் வாசிப்பதாக ஏற்பாடு.

தலைவரைக் காணவில்லை. இருக்கிறாரா, இறந்தாரா என்றே தெரியாது. இந்த நிலையில் ஆடல் இசையை எப்படி வாசிப்பது?

ஆனால் இன்னொரு பக்கமும் இருந்தது. ஆர்டென் காட்டில் பனியில் புதைந்து சிப்பாய்கள் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிகளில் காயம்பட்டவர்கள் கிடந்தார்கள். அவர்களுக்கு அன்று பண்டிகை என்று நினைவூட்ட வானொலி ஒன்றுதான் இருந்தது.

ஜெர்ரி கிரே தலைவரின் இடத்தில் நின்றார். மெக்கின்லி டிரம்ஸ் முன் உட்கார்ந்தார். ஒவ்வொருவரும் தம் தம் நாற்காலியில் அமர்ந்தார்கள். கச்சேரி நடந்தது.

பல ஆண்டு கழித்து, 1954-ம் ஆண்டு, ஜேம்ஸ் ஸ்டீவர்ட் நடித்து "கிளன் மில்லர் கதை" என்ற திரைப்படம் வந்தது. கடைசிக் காட்சியில் ஹெலன் வானொலி முன் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பிடித்த "லிட்டில் பிரவுன் ஜக்" பாட்டு, கணவர் விட்டுப்போன கிறிஸ்துமஸ் பரிசாக முதல் தடவையாக ஒலிக்கும். தியேட்டரில் கண்ணைத் துடைக்காதவர் இல்லை.

உண்மை வேறு. அந்தப் பாட்டை மில்லர் 1939-ம் ஆண்டிலேயே பதிவு செய்துவிட்டார். ஊரெல்லாம் கேட்ட பாட்டு அது. ஆனால் அந்தக் கண்ணீருக்குக் காரணமான துயரம் பொய் அல்ல.

விமானம் என்ன ஆயிற்று? எஞ்சினுக்குள் பனிக்கட்டி உறைந்து, இங்கிலீஷ் கால்வாயில் விழுந்திருக்க வேண்டும் என்பதே பலரும் ஏற்கும் முடிவு. வேறு பல வதந்திகளும் கிளம்பின. உறுதியான ஆதாரம் எதற்கும் இல்லை.

எழுந்து நின்ற ஜனாதிபதி

கோஷ்டி பாரிசில் மாதக்கணக்கில் வாசித்தது. ஜெர்மனி சரணடைந்த பிறகு, ஹிட்லர் கட்சி மாநாடுகள் நடந்த நியூரம்பர்க் நகரிலேயே 1945-ம் ஆண்டு ஜூலையில் வாசித்தது. பல்லாயிரம் சிப்பாய்கள் திரண்டு வந்து கேட்டார்கள்.

பிறகு அமெரிக்கா திரும்பியது. 1945-ம் ஆண்டு நவம்பர் 13-ந்தேதி வாஷிங்டனில், ஜனாதிபதி ட்ரூமனும் தளபதி ஐசன்ஹோவரும் இருந்த சபையில் வாசித்தது. மில்லரின் அடையாளப் பாட்டான "மூன்லைட் செரினேட்" ஒலித்தபோது, ஜனாதிபதி உள்பட சபையே எழுந்து நின்று கை தட்டியது. அந்த மாதமே பட்டாளத்துக் கோஷ்டி கலைந்தது.

ஆனால் ஜனங்கள் விடவில்லை. திரைப்படம் வந்த பிறகு மில்லர் இசைக்கு மீண்டும் மவுசு ஏறியது. 1956-ம் ஆண்டு மில்லர் குடும்பத்தார் அவர் பெயரிலேயே கோஷ்டியை மீண்டும் தொடங்க வைத்தார்கள். அதற்குத் தலைவர் யார் தெரியுமா? தலைவர் காணாமல் போன அந்தக் கிறிஸ்துமசில் டிரம்ஸ் வாசித்த அதே ரே மெக்கின்லி!

அவர் 10 ஆண்டுகள் நடத்தினார். அடுத்துக் கிளாரினெட் மேதை பட்டி டிபிராங்கோ நடத்தினார். இப்படித் தலைவர் மாறித் தலைவர் வந்தார்கள். கோஷ்டி நிற்கவில்லை. ஐரோப்பாவிலும் உரிமம் பெற்ற கோஷ்டிகள் தோன்றின. அவை ஜெர்மனி நாட்டு ஊர்களிலும் வாசிக்கின்றன. ஒரு காலத்தில் ஜாஸ் இசையை வெறுத்த ஆட்சி நடந்த நாட்டில், மில்லர் இசையை மக்கள் காசு கொடுத்துக் கேட்கிறார்கள்.

பண்டிகை மேடை

பண்டிகைக் கச்சேரி எப்படி இருக்கும்?

விளக்கு மங்கும். "மூன்லைட் செரினேட்" மெல்ல எழும். கிளாரினெட் மேலே மிதக்கும். அந்த முதல் வரியிலேயே வயதானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

பிறகு கிறிஸ்துமஸ் பாட்டுகள். பாடகரும் பாடகியும் முன்னே வருவார்கள். "ஜிங்கிள் பெல்ஸ்" தாளத்துக்குக் குழந்தைகள் நாற்காலியில் துள்ளுவார்கள்.

"இன் தி மூட்" வந்தால் ஒரு வேடிக்கை உண்டு. வாத்தியங்கள் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகும். கடைசியில் கிசுகிசுப்பது போல ஆகிவிடும். பாட்டு முடிந்தது என்று புதிதாக வந்தவர்கள் கை தட்டத் தொடங்குவார்கள். திடீரென்று டிரம்ஸ் இடிக்கும். மொத்தக் கோஷ்டியும் முழு வேகத்தில் பாயும். தெரிந்தவர்கள் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பட்டாளத்தில் இருந்தவர்களையும் இருப்பவர்களையும் எழுந்து நிற்கச் சொல்லி மரியாதை செய்யும் வழக்கமும் இந்தக் கச்சேரிகளில் உண்டு. முன்பெல்லாம் இரண்டாவது உலகப் போரில் பங்கெடுத்தவர்கள் வரிசையாக எழுந்து நின்றார்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்த எண்ணிக்கை குறைந்தது. இப்போது 100 வயதை ஒட்டிய யாராவது ஒருவர், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பெரிது. அவருக்காக மண்டபம் முழுவதும் கை தட்டும்.

மேடையில் டிராம்போன் வாசிக்கும் இளைஞன், தனக்கு முன்னால் விரித்து வைத்த தாளைப் பார்த்து வாசிப்பான். கிளன் மில்லர் இருந்த காலத்தில் எழுதிய அதே சுரங்கள். அவன் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த விமானம் மூடுபனியில் மறைந்துவிட்டது.

கச்சேரி முடிந்ததும் தாளை மடித்துப் பெட்டியில் வைப்பான். கோஷ்டி பஸ்சில் ஏறும். மறுநாள் இரவு வேறு ஊரில் கச்சேரி.